சேலத்து வெயிலும் ஏற்காட்டுக் காற்றும்: மாடல் ஹெலிகாப்டர் ஏன் இவ்வளவு வேலை வாங்குகிறது?

ட்ரோன் வாங்கினால் பெட்டியைப் பிரித்த அன்று மாலையே மொட்டை மாடியிலிருந்து ஏற்றிவிடலாம். ரிமோட் ஹெலிகாப்டர் அப்படியில்லை. முதலில் பல நாள் மேசையை விட்டே இறங்காது. இறங்கிய பிறகும் ஐந்து நிமிடம் பறந்துவிட்டு ஒரு மணி நேரம் மேசையில் உட்கார்ந்துகொள்ளும். சேலம் பக்கம் கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரிகளில் யாராவது ஹெலி விட்டால் பையன்கள் கூடிவிடுவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணா, இதுல கேமரா இருக்கா?” இல்லை என்றதும் பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் கேட்பார்கள்: “அப்புறம் எதுக்குண்ணா இது?”

நியாயமான கேள்விதான். பதில் அந்த இயந்திரத்தின் தலையில் இருக்கிறது.

ட்ரோனில் நான்கு சின்ன விசிறிகள். இலைகளின் கோணம் மாறாது, சுழலும் வேகம்தான் மாறும். ஒரு பக்கத்து மோட்டாரைக் கொஞ்சம் வேகமாக்கினால் அந்தப் பக்கம் எழும்பும். விசிறிகள் சின்னவை, எடையில்லாதவை என்பதால் ஒரு நொடிக்குள் பல தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறது. நகரும் பாகம் என்று பார்த்தால் நான்கு மோட்டார்கள் மட்டும்தான். மீதியெல்லாம் மென்பொருள். ஆனால் ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள ஒரு ரோட்டரை, அதாவது ஹெலியின் தலையில் சுற்றும் பெரிய விசிறியை, அப்படி வேகம் கூட்டிக் குறைத்து ஆட்ட முடியாது. சுற்ற ஆரம்பித்துவிட்டால் அதன் வேகத்தை மாற்ற நேரம் பிடிக்கும். அதனால் ஹெலிகாப்டர் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிளேடின் (ரோட்டர் இலையின்) கோணத்தை மாற்றுகிறது. இத்தனை லிங்க்குகள் (இணைப்புக் கம்பிகள்), பேரிங்குகள், சர்வோக்கள் (ரிமோட் சொல்லும் அளவுக்குத் திரும்பும் சின்ன மோட்டார்கள்), இத்தனை தலைவலி எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவை.

சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் கோணத்தை, சுற்றாத உடம்பில் இருக்கும் சர்வோ எப்படி மாற்றும்? நடுவில் சுவாஷ்பிளேட் என்ற இரட்டை வளையம் இருக்கிறது. கீழ்வளையம் சுற்றாது, மேல்வளையம் ரோட்டரோடு சேர்ந்து சுற்றும், இரண்டுக்கும் இடையில் பேரிங். இன்றைய மாடல்களில் பெரும்பாலும் மூன்று சர்வோக்கள் 120 டிகிரி இடைவெளியில் கீழ்வளையத்தைப் பிடித்திருக்கின்றன. மூன்றும் ஒன்றாக ஏறினால் எல்லா பிளேடுகளின் கோணமும் கூடி ஹெலி மேலே போகும். ஒரு பக்கம் சாய்ந்தால் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் அதிகக் கோணமும் எதிர்ப்புறத்தில் குறைந்த கோணமும் எடுக்கும். ஹெலி அதற்கேற்ப ஒரு பக்கம் சாயும்.

இதில் ஒரு விசித்திரம். மூக்கைக் கீழே சாய்க்க வேண்டும் என்றால் வால் பக்கத்தில்தான் தூக்குவிசை கூட வேண்டும் என்று நினைப்போம். நடப்பது வேறு. சுற்றும் பொருளின் மீது விசை கொடுத்தால் அதன் விளைவு ஏறத்தாழ 90 டிகிரி தள்ளித்தான் வெளிப்படும். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மாடல்களில் ரோட்டர் கடிகாரச் சுற்றில் சுழலும். அப்படியானால் வலப்பக்கம் வரும்போது பிளேடுக்குக் கூடுதல் கோணம் தர வேண்டும், வால் பக்கம் போகும்போது அது உயர்ந்து நிற்கும், மூக்கு தாழும். இந்தக் கணக்கை இயந்திரமே லிங்க் அமைப்பில் செய்துவிடுகிறது. ஓட்டுபவர் ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் போதும். ஆனால் தலையைப் பிரித்து மறுபடி பூட்டும்போது இது தெரியாமல் பூட்டியவர்கள் தரையிலிருந்து அரையடி உயரத்திலேயே ஹெலியைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

அடுத்தது வால். கையில் பிடித்த டிரில்லிங் மெஷின் சுவரில் சிக்கிக்கொண்டால் மணிக்கட்டைத் திருகுமே, அதே திருகல்தான் ரோட்டர் சுற்றும்போது உடம்பின் மீது விழுகிறது. வால் ரோட்டர் பக்கவாட்டில் தள்ளி அதைச் சரிக்கட்டும். அந்தத் தள்ளல் ஹெலியையே இடப்பக்கமாக நகர்த்தப் பார்க்கும் என்பதால், ஓரிடத்தில் ஹோவர் செய்யும் ஹெலி நேராக நிற்காமல் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கும். புதிதாக வருபவர்கள் இதை ஏதோ கோளாறு என்று நினைத்து, ரிமோட்டில் நடுநிலையைத் திருத்தும் டிரிம் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அது கோளாறு இல்லை.

இந்த ஆட்டத்தையெல்லாம் மனிதக் கை மட்டும் சமாளிக்க முடியாது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் ஆர்தர் யங் 1930களில் சிறு மாடல்களை வைத்துத்தான் ஆராய்ந்தார். ரோட்டரோடு சேர்ந்து சுற்றும் ஒரு நிலைப்படுத்தும் தண்டை அவர் சேர்த்தார். அந்த வழியில் வந்த பெல் 47 தான் 1946 மார்ச் 8 அன்று பொதுப் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர். அதாவது ஒருவகையில் மாடல்தான் மூத்தது. ரேடியோவில் இயங்கி ஒழுங்காகப் பறக்கும் மாடலை 1970 வாக்கில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் சாத்தியமாக்கினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் மாடல்களின் தலையில் ‘ஃபிளைபார்’ என்ற கம்பியும் அதன் இரு முனைகளில் துடுப்புகளும் இருந்தன. 2010க்குப் பிறகு அது மெல்ல மறைந்தது. மூன்று அச்சுகளிலும் அசைவை உணரும் ஜைரோ என்ற ஒரு சின்ன மின்னணுப் பெட்டி அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஜைரோ வந்துவிட்டது, இனி பறக்கவிடுவது சுலபம், பராமரிப்பும் குறையும் என்று நினைக்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அப்படியே தலைகீழ். ஜைரோவின் சென்சாருக்கு ஹெலி உண்மையில் திரும்புகிறதா, அல்லது வளைந்த ஒரு தண்டு எல்லாவற்றையும் அதிரவைக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதிர்வு அதிகமானால் அது இல்லாத அசைவைக் கண்டு திருத்தம் செய்ய ஆரம்பிக்கும். வால் மெல்ல நழுவும், ஹெலி தானாகச் சாயும். பழைய ஃபிளைபார் மாடல் கொஞ்சம் அதிர்வைப் பொறுத்துக்கொண்டு தள்ளாடியாவது பறந்தது. இப்போதைய மாடல் பொறுக்காது. கைக்கு இருந்த வேலை குறைந்து, மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேசை வேலையில் முதல் எதிரி சேலத்தில் தூசி. நகருக்கு வடக்கே மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள், மற்றப் பக்கங்களில் செம்மண். காய்ந்த ஏரித் தரையில் ஹெலி இறங்கும்போது ரோட்டர் கீழே தள்ளும் காற்று மாவு போன்ற மண்ணைக் கிளப்பி நேராகத் தன் வயிற்றுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் விட்ட தண்டில் தூசி ஒட்டினால் அது உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கே பழகியவர்கள் ஒரு பழைய தார்ப்பாயையோ தடித்த மிதியடியையோ விரித்து அதிலிருந்துதான் ஏற்றி இறக்குவார்கள். வால் ரோட்டரின் கோணத்தை மாற்றும் சின்ன ஸ்லைடர்தான் முதலில் இறுகும். விரலால் தள்ளிப் பார்த்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். இறுகினால் எண்ணெய் மேல் எண்ணெய் விடாமல், துடைத்து ஒரே ஒரு சொட்டு விட வேண்டும்.

தலையில் மிக முக்கியமான பாகம் கண்ணுக்கே தெரியாது. இரண்டு பிளேடு பிடிகளுக்கும் நடுவே ஓடும் குறுக்குத் தண்டு, அதன் இரு பக்கமும் த்ரஸ்ட் பேரிங். 325 மி.மீ. பிளேடு உள்ள ஒரு சிறிய ஹெலியின் ரோட்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். பிளேடு ஒன்றின் எடை முப்பது கிராமுக்குள்தான். ஆனால் அந்த வேகத்தில் அது வெளியே இழுக்கும் விசை நாற்பது கிலோவுக்கு மேல். அந்த இழுப்பு முழுவதையும் தாங்கிக்கொண்டே கோணம் மாறுவதற்கும் வழிவிட வேண்டியது அந்தச் சுண்டைக்காய் அளவு பேரிங். அதன் இரண்டு வட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உண்மையில் ஒன்றின் துளை நூலளவு பெரிது. பெரிய துளையுள்ள வட்டு உள்பக்கம், அதாவது தலையின் மையத்தை நோக்கி வர வேண்டும். சின்னத் துளையுள்ளது வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் முதல் ஒன்றிரண்டு பறப்பில் ஒன்றும் தெரியாது. பிறகு பிடி கரகரவென்று திரும்பும், சர்வோ சூடாகும். ஒவ்வொரு விழுதலுக்குப் பிறகும் அந்தக் குறுக்குத் தண்டைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்க்க வேண்டும். நேராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும். வளைந்திருந்தால் கண்ணாடிக்கும் தண்டுக்கும் நடுவே வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும். தட்டி நிமிர்த்தலாம் என்ற யோசனையே வேண்டாம், புதிதாகப் போடுங்கள்.

ஸ்க்ரூக்களைப் பொறுத்தவரை உலோகத்தில் உலோகம் பூட்டும் இடமெல்லாம் நீல நிறப் பூட்டுத் திரவம் ஒரு துளி தொட்டுப் பூட்ட வேண்டும். பிளாஸ்டிக்கில் அது கூடாது, பிளாஸ்டிக் வெடித்துப்போகும். மோட்டார் முனையில் உள்ள சின்னப் பற்சக்கரமான பினியனுக்கும், அது சுழற்றும் மெயின் கியருக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை வைத்து அழுத்திப் பூட்டிவிட்டுத் தாளை உருவினால் இடைவெளி சரியாக அமையும். லிங்க்குகள் கையால் ஆட்டினால் தாராளமாக அசைய வேண்டும், ஆனால் ஆட்டம் இருக்கக் கூடாது.

அப்புறம் டிராக்கிங். இரண்டு பிளேடுகளும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்ப்பது. ஒரு பிளேடு நுனியில் சிவப்பு டேப், மற்றதில் மஞ்சள் டேப் ஒட்டி, ஹோவரில் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து தூரத்திலிருந்து ஓரப்பார்வையாகப் பார்த்தால், கலந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு கோடு தெரிந்தால் இறக்கி, ஒரு லிங்க்கை அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. 700 அளவு, அதாவது 700 மி.மீ. பிளேடு உள்ள ஹெலியின் பிளேடு நுனி மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர் தன் சொந்த மாடல் ஹெலிகாப்டர் தாக்கி அங்கேயே இறந்தார். அவர் பழகாதவர் இல்லை. மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டும் விரல் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரி, மேசையை விட்டு வெளியே வருவோம். சேலத்தில் ஹெலி விடுபவருக்கு வேறு பல ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றே மாறிவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ரோட்டர் தள்ளுவது காற்றை என்பதால் காற்றின் அடர்த்திதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஈரப்பதத்தை விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்குப் போட்டால், மார்கழிக் காலையில் 20 டிகிரி இருக்கும்போது சேலத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.17 கிலோ. மே மாத மதியம் 38 டிகிரியில் அதே இடத்தில் 1.10 கிலோ. அதே மே மாதம் ஏற்காட்டில் 25 டிகிரி என்றால் ஒரு கிலோதான். வெயில் ஏறினாலே சேலம் ஆறு சதவீதக் காற்றை இழந்துவிடுகிறது. மலை ஏறினால் இன்னும் ஒன்பது, பத்து சதவீதம் போகிறது. விமானக்காரர்கள் வைத்திருக்கும் சராசரிக் காற்று மண்டல அட்டவணைப்படி பார்த்தால், அந்த மே மதியத்தில் நம் ஏரித் தரையே 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 2,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

இதனால் என்ன ஆகும்? சேலத்தில் ஐந்து டிகிரிக் கோணத்தில் ஹோவர் செய்த ஹெலி ஏற்காட்டில் ஐந்தரை கேட்கும். ஸ்டிக் பழகிய இடத்தை விட்டுக் கொஞ்சம் மேலே நிற்கும். மின்சார ஹெலியில் பறக்கும் நேரம் பெரிதாகக் குறையாது. ஆனால் அவசரத்துக்கு உள்ள தூக்குவிசைக் கையிருப்பு குறைந்துவிடும். சேலத்தில் சட்டென்று மேலே இழுத்தால் ஒத்துழைத்த பிளேடு, இங்கே அதே இழுப்புக்குக் காற்றைப் பிடிக்க முடியாமல் சத்தம் மட்டும் போடும். வால் ரோட்டருக்கும் அதே மெலிந்த காற்றுதான் என்பதால் பலமாக ஏற்றும்போது வால் பிடியை விட்டுச் சுழல வாய்ப்பு அதிகம். தலைவேகத்தை, அதாவது ரோட்டர் சுற்றும் வேகத்தை, ஐந்து சதவீதம் கூட்டினால் இழந்த பத்து சதவீதத் தூக்குவிசை திரும்பக் கிடைத்துவிடும், ஏனென்றால் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே வர்க்கக் கணக்கில் அந்தச் சுண்டைக்காய் பேரிங்கின் மீது விழும் இழுப்பும் பத்து சதவீதம் கூடும். அதனால் மலைக்குப் போகும் முன் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஏற்காட்டில் காற்றின் போக்கும் தனி. விடிந்து கொஞ்ச நேரம் அசைவில்லாமல் இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று மலையோரமாக மேலே ஏறும். விளிம்பின் அருகே அது மடங்கிச் சுழலும். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் போன்ற இடங்கள் படத்துக்கு அழகு, ஹெலிக்கு ஆகவே ஆகாது. கூட்டமும் இருக்கும், சுழல்காற்றும் இருக்கும். அனுமதி வாங்கிய எஸ்டேட்டுக்குள் ஒரு புல்வெளி கிடைத்தால் அதுவே உத்தமம். அங்கும் சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி, கீழே காபிச் செடி. உள்ளே விழுந்தால் தேட ஆள் வேண்டும், காட்டெருமை நடமாட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். மூடுபனி வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். முப்பது மீட்டரில் ஹெலி தெரியாமல் போனால் எந்த ஜைரோவும் உதவாது.

பேட்டரிக்கு எதிரி மலை இல்லை, சேலம்தான். மின்சார ஹெலியின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரை நிரப்பலாம், ஆனால் நிரப்பிய நிலையில் வெயிலில் வைத்தால் உப்பிவிடும். பூட்டிய காருக்குள் ஏப்ரல் மதியத்தில் வைப்பது தீயோடு விளையாடுவது. பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இறக்கி, குளிர்ச்சியான இடத்தில், எரியாத பெட்டியில் வைக்க வேண்டும். இறங்கியவுடன் மோட்டாரின் மீது விரல் வைத்தால் ஐந்து நொடி வைத்திருக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கியர் விகிதமோ கோணமோ அதிகம்.

எரிபொருளில் ஓடும் நைட்ரோ ஹெலிகளுக்கு மலைக்கணக்கு வேறு. இன்ஜின் காற்றைச் சுவாசிப்பதால் மேலே போனால் அதன் சக்தியே குறையும். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சேலத்தில் சரிசெய்திருந்தால், அது ஏற்காட்டில் எரிபொருளை அதிகமாக விடும், புகை கக்கும். ஊசியைக் கொஞ்சம் மூட வேண்டும். அந்த எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகியவற்றின் கலவை. வழக்கமான எண்ணெய்களில் ஒன்று ஆமணக்கெண்ணெய், அது மெத்தனாலில் கரையும், கடும் சூட்டிலும் வழுவழுப்பை விடாது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கும் மாவட்டம் இது, எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. மெத்தனால்தான் சிக்கல். தமிழ்நாட்டில் அதை வாங்கி வைக்க உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்தது இதே பொருள்தான் என்பதால் அந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வருபவர்கள் மின்சார ஹெலியோடு நிற்பது நல்லது.

பறக்கக் கற்பதைப் பற்றிச் சுருக்கமாக. கண்காட்சிகளில் விற்கும் இரட்டை ரோட்டர் பொம்மைகள் எதையும் கற்றுத் தராது, அவை தாமாகவே நிலைகொள்ளும்படி செய்யப்பட்டவை. கணினி சிமுலேட்டரும் அதில் நிஜ ரிமோட்டும்தான் சரியான தொடக்கம். வாலைப் பார்த்தபடி ஹோவர், பிறகு பக்கவாட்டில், கடைசியாக மூக்கு நம்மைப் பார்க்க. அந்தக் கடைசி நிலையில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். அதைப் புத்தியால் யோசித்துச் செய்ய நேரம் இருக்காது, விரலுக்குப் பழக வேண்டும். மோட்டார் நின்றாலும் பத்திரமாக இறக்கும் ஆட்டோரொட்டேஷனையும் சிமுலேட்டரிலேயே பழகலாம். கோணத்தை லேசாக எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் விழும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்றும், தரை நெருங்கும்போது அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஒருவழி பேரிங் ரோட்டரை மோட்டாரிலிருந்து விடுவிப்பதால்தான் இது முடிகிறது. ட்ரோனில் மோட்டார் நின்றால் கல்லாக விழும்.

சட்டப்படி இதுவும் ட்ரோன் விதிகள் 2021க்குள் வருகிறது. 25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும், கண் எட்டும் தூரத்துக்குள் இயக்கும் மாடல்களுக்கு வகைச் சான்று தேவையில்லை. இரண்டு கிலோ வரை எடையுள்ளதை வணிக நோக்கமின்றி ஓட்ட பைலட் உரிமமும் தேவையில்லை. முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். ஆனால் காமலாபுரத்தில் விமான நிலையம் இயங்குவதால் ஓமலூர் சுற்றுவட்டாரத்தைத் தவிர்த்துவிட வேண்டும். மலையில் காப்புக்காடுகள் உண்டு. கிளம்பும் முன் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பணம். ஹெலியின் விலையை விட அடுத்த ஆறு மாத உதிரிப் பாகங்களின் விலையைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது, உதிரிப் பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. இருந்தாலும் வெளியூரிலிருந்து ஒரு பாகம் வந்து சேர்வதற்குள் ஹெலி அலமாரியில் தூசி படிந்துவிடும். சேலத்தில் நல்ல லேத் பட்டறைகள் உண்டு, டிராக்கிங் ஸ்டாண்டு, பிளேடு சமன் பார்க்கும் தாங்கி போன்றவற்றை அங்கே அழகாகச் செய்து தருவார்கள். மெயின் ஷாஃப்டையும் குறுக்குத் தண்டையும் மட்டும் அங்கே கேட்காதீர்கள். அவை கெட்டிப்படுத்திய எஃகு, சாதாரணக் கம்பியில் கடைந்தால் இரண்டாவது பறப்பிலேயே வளையும். ஹெலியை ஆர்டர் செய்யும்போதே அந்த இரண்டிலும் இரண்டிரண்டு, மெயின் கியர் ஒன்று, வால் பிளேடு ஒரு ஜோடி, லிங்க் ஒரு பாக்கெட் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.